நாய் மூக்கில் புண்ணா? களிம்புக்கு முன் இடத்தைப் பாருங்கள்

நாய்க்கு மூக்கில் புண் வந்தால் மதுரைப் பக்கம் பலரும் முதலில் போவது மாட்டாஸ்பத்திரிக்கு அல்ல, தெருமுனை மெடிக்கலுக்கு. "நாய்க்கு மூக்குல புண்ணுண்ணே, ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த டியூப் ஒன்று கைக்கு வரும். தடவிய இரண்டு நாளில் சிவப்பு அடங்கும். அப்புறம் புண் முன்பைவிட அகலமாகத் திரும்பும்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாயின் மூக்கில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பொருக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல காரணங்களால் வரும். அவற்றில் ஒன்றை ஆற்றும் ஸ்டீராய்டு இன்னொன்றை வளர்த்துவிடும். காரணத்தை ஊகிக்க நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த தடயம் புண் இருக்கும் இடம். அதனால் இங்கே மருந்து பின்னால்தான் வரும், பார்ப்பது முன்னால்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழே வரும் படிகள் எல்லாம் நாய் சாப்பிட்டுக்கொண்டு, நடமாடிக்கொண்டு இருந்தால் மட்டுமே. இந்த நான்கில் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவரிடம் போங்கள்.

முதலாவது பாம்புக்கடி. வயல், கண்மாய்க்கரை, சீமைக்கருவேலங்காட்டு ஓரம் இருக்கும் வீடுகளில் நாய் திடீரென்று முகம் வீங்கி வந்தால் பாம்பை நினைக்காமல் இருக்கக் கூடாது. நாய் எதையும் மூக்கால்தான் விசாரிக்கும்; அதனால் கடியும் மூக்கிலோ வாயோரத்திலோதான் பெரும்பாலும் விழும். வீக்கம் வேகமாக ஏறுவது, கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசிவது, நடை தள்ளாடுவது எல்லாம் அடையாளங்கள். கீறிவிடுவது, உறிஞ்சுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்: நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. கிளம்பும்போதே போன் செய்து மருந்து இருப்பு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாத இடத்துக்குப் போய் நிற்கும் அரைமணி நேரம் பெரிய நஷ்டம்.

இரண்டாவது புழு. புண்ணில் நாற்றம், சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே நெளிவு தெரிந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு, பின்னால் சொல்கிறேன். மூக்கில் புழு வைத்தால் அது உள்ளே ஏறும் என்பதால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது, மேலே புண்ணே இல்லாமல் மூக்குத் துளையிலிருந்து ரத்தம் வருவது. நம் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிச்சியா என்ற கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் ஒழுகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் ஓரளவு விளங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் எழுதுவார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும், வளர்ப்பவர்கள் உடனே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள்.

நான்காவது வெறிநோய்ச் சந்தேகம். எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், குணம் மாறி நிற்கும் நாயின் வாயிலும் மூக்கிலும் கையே வைக்கக் கூடாது. "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கும்" என்று வாயைத் திறந்து பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வது. ஏற்கெனவே கை வைத்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள்.

படி 1: எங்கே இருக்கிறது புண்?

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். நாய்க்கு முன்னால் குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, தாடைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். வலிக்கும் மூக்கை நேருக்கு நேர் நோக்கி வரும் கையை எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். வாயைக் கட்டுவதும் இங்கே உதவாது, கட்டு புண் மேலேயே உட்காரும். பெரிய துண்டால் கழுத்தைச் சுற்றி இன்னொருவர் அணைத்துப் பிடித்தால் போதும்.

முடியில்லாத, சாதாரணமாகக் கருப்பாக இருக்கும் முன்பகுதி ஒன்று. அதை மூக்கு நுனி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே கண் வரை முடியோடு போகும் பகுதி மூக்குத்தண்டு. மூன்றாவது துளையும் அதன் ஓரமும். இந்த மூன்றில் புண் எங்கே தொடங்கியது என்பதுதான் கேள்வி. இப்போது எதுவரை பரவியிருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

மூக்குத்தண்டில் மட்டும் என்றால் உரசல், முள், சொறி, படர்தாமரை, பூச்சிக்கடி பக்கம் யோசிக்க வேண்டும். மூக்கு நுனியில் என்றால் வெயில், வறட்சி, உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய்கள், வயதான நாயாக இருந்தால் புற்றுநோய். துளைக்குள்ளிருந்து வருகிறது என்றால், அதுவும் ஒரு துளையில் மட்டும் என்றால், உள்ளே எதுவோ இருக்கிறது: முள், புல், அட்டை, கட்டி, பூஞ்சை.

மூக்கு நுனியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நல்ல மூக்கில் தோல் வழுவழுப்பாக இருக்காது; சின்னச் சின்ன மேடுகளாகப் பிரிந்து சொரசொரப்பாக இருக்கும். கருப்பு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் அந்த மேடுகள் அப்படியே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. லாப்ரடார்களுக்கு அப்படி வெளுப்பது சாதாரணம். மேடுகள் மறைந்து தோல் பளபளவென்று சமமாகிவிட்டால் மேலே புண்ணே இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு அடையாளத்தை முன்கூட்டியே கவனிப்பவர் மிகக் குறைவு.

அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே தூரத்தில். மருத்துவரிடம் போகும்போது உங்கள் வர்ணனையைவிட இந்தப் படங்கள் அதிகம் பேசும்.

படி 2: நாயைப் பற்றிச் சில கேள்விகள்

வயது என்ன? ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிக்குச் சொறியும் தடுப்பூசி போடாத நோய்களும். எட்டு, பத்து வயதுக்கு மேல் கட்டியும் வறட்சியும். மூக்கின் நிறம் என்ன? சிவந்த மூக்கு என்றால் வெயில். மண்ணைத் தோண்டும் பழக்கமா, கேட் கம்பிக்குள் மூக்கை நுழைத்துத் தெருநாயோடு சண்டையா? சமீபத்தில் வெளியே திரிந்து இணை சேர்ந்ததா? வீட்டில் யாருக்காவது, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, தோலில் வட்டமாகத் தடிப்போ அரிப்போ வந்திருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் பாதி நோயறிதல் வீட்டிலேயே முடிந்த மாதிரிதான்.

ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்: மூக்கு ஈரமா, காய்ந்ததா என்பதை. தூங்கி எழுந்த நாய்க்கும் சித்திரை வெயிலில் படுத்திருந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். காய்ச்சல் பார்க்க வேண்டுமென்றால் ஆசனவாயில் தெர்மாமீட்டர்தான் வழி. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு.

படி 3: சுத்தம் செய்வது

வேண்டியது அதிகமில்லை. மெடிக்கலில் கிடைக்கும் சலைன் பாட்டில், பஞ்சு அல்லது காஸ் துணி, போவிடோன் அயோடின், கையுறை. சலைன் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டித் தூள் உப்புப் போட்டு ஆறவைத்தால் அதே வேலை செய்யும். கையுறை படர்தாமரைக்கும் எச்சிலுக்கும் சேர்த்துத்தான். நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி நினைவில் இல்லை என்றால் கட்டாயம்.

காஸை வெதுவெதுப்பான சலைனில் நனைத்துப் பொருக்கின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். தேய்க்க வேண்டாம். ஊறித் தானாக வருவது வரட்டும். ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் அடியில் ஆறிக்கொண்டிருந்த தோலும் கூடவே வந்துவிடும். ஊறியதும் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்து, அழுக்கான காஸை மறுபடி பாட்டிலுக்குள் விடாமல் எறிந்துவிடுங்கள். பிறகு போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பால் சேர்க்காத வெளிறிய டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, அதைப் புண்ணின் மேல் மட்டும் ஒற்றுங்கள். துளைக்குள் விடக் கூடாது, கண்ணில் படக் கூடாது. காலை, மாலை இரண்டு வேளை போதும். அடிக்கடி கழுவினால் புண் சீக்கிரம் ஆறும் என்பது தப்புக் கணக்கு.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஒருமுறை நுரைத்து நமக்குத் திருப்தி தரும், ஆனால் புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்துக் கொல்லும். டெட்டாலும் பினாயிலும் நாயின் மூக்குக்கு அருகிலேயே வரக் கூடாது. அந்த வாசனையே அதற்குத் தண்டனை.

முள் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்தால் இடுக்கியால் எடுக்கலாம். கருவேல முள்ளாக இருந்தால் எடுத்ததும் நீளத்தையும் நுனியையும் பாருங்கள். உள்ளே முறிந்து நின்றிருந்தால் மேலே ஆறின மாதிரி ஆறி, சில நாளில் சீழ்க்கட்டியாக எழும்பும். துளைக்குள் இருப்பதை வீட்டில் எடுக்க முயல வேண்டாம். ஊசிப்புல் உள்ளே போயிருந்தால் நாய் திடீரென்று, நிறுத்தாமல், தலையை உதறி உதறித் தும்மும். மலையடிவார ஓடையில் தண்ணீர் குடித்த நாய்க்கு ஒரு துளையில் மட்டும் ரத்தம் கசிந்தால் அட்டையையும் சந்தேகப்படலாம். எதுவானாலும் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

படி 4: என்ன தடவலாம், எதைத் தடவவே கூடாது

மூக்கில் தடவுவது எல்லாம் ஒரு நிமிடத்தில் வயிற்றுக்குள் போகும். இதை மனதில் வைத்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

சுத்தமான சிராய்ப்புக்கு மேலே சொன்ன கழுவலே போதும். காய்ந்து வெடித்திருந்தால் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லியோ சில சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தடவலாம். கொஞ்சம் நக்கினால் கெடுதல் இல்லை. சீழ் வைத்த சிறு புண்ணுக்கு மருத்துவர்கள் மியூபிரோசின் போன்ற களிம்பை எழுதுவதுண்டு. அது அவர்கள் பார்த்து எழுதட்டும். களிம்பு தங்க வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கோ நடைக்கோ சற்று முன் தடவுங்கள். நாயின் கவனம் பத்துப் பதினைந்து நிமிடம் வேறு பக்கம் இருந்தால் போதும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு காலால் பிறாண்டுவதைத் தடுக்கும், நாக்கைத் தடுக்காது. அதை வாங்கி மாட்டிவிட்டு "இன்னும் நக்குதே" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

தடவக் கூடாதவை: ஸ்டீராய்டு கலந்த எந்த டியூபும், காரணம் தெரியும் வரை. கற்பூரம் கலந்த எண்ணெய், பாச்சை உருண்டைப் பொடி, பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு. நம்மூர்க் கிராமங்களில் இவை எல்லாமே வழக்கத்தில் இருக்கின்றன. மாட்டின் முதுகில் ஏதோ பலன் தந்தது என்பதற்காக நாயின் மூக்குக்குக் கொண்டுவரப்படுகின்றன. மாடு முதுகை நக்குவது அபூர்வம், நாய் மூக்கை நக்குவது நிமிடத்துக்கு ஒருமுறை. சீத்தா விதைப் பொடி கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கும். மஞ்சளை நான் அந்த அளவுக்கு எதிர்க்க மாட்டேன். ஆனால் அது புண்ணின் உண்மையான நிறத்தை மறைத்துவிடும், பார்க்கும் மருத்துவருக்கு அது தொல்லை.

வலிக்கு என்று பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். புண்ணைவிட இவை ஆபத்து.

படி 5: ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு வழி

*உரசல்.* நகரத்து வீடுகளில் இதுதான் அதிகம். மூக்குத்தண்டில் முடி போய், சிவந்து, மேலே மெல்லிய பொருக்கு. கம்பிக் கேட்டில் மூக்கை நுழைப்பது, கூண்டுக் கம்பியில் தேய்ப்பது, இறுக்கமான தோல் வாய்ப்பூட்டு, எதுவாகவும் இருக்கலாம். மருந்து இரண்டாம் பட்சம். கேட்டின் கீழ்ப்பாதியில் ஒரு தகடு அடித்தால் புண் தானாக ஆறும். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து, அப்புறம் மெதுவாக முடி வரும். காரணத்தை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் அடுத்த மாதமும் இதே கதைதான்.

*வெயில்.* ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பால்வெள்ளை உடம்பும் சிவந்த மூக்கும் அந்த இனத்தின் அடையாளம், அழகு. ஆனால் கருமை இல்லாத தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி குறைவு. தோட்டத்துக் காவலுக்கு வேப்பமரத்தடியில் கட்டிப்போட்ட நாய்க்குக் காலையில் நிழல் இருக்கும். மதியம் நிழல் நகர்ந்துவிடும், சங்கிலி நகராது. முதலில் சிவப்பு, பிறகு தோல் உரிதல், பிறகு பொருக்கு. ஆறி ஆறித் திரும்ப வரும். வருடக்கணக்கில் இப்படி வெந்த மூக்கில் தோல் புற்றுநோய் வரலாம். மூன்று வாரத்தில் ஆறாத, தொட்டால் ரத்தம் வரும், ஓரம் தடித்த புண்ணை வயதான வெள்ளை நாயிடம் பார்த்தால் சதைத் துணுக்குப் பரிசோதனை கேளுங்கள்.

செய்ய வேண்டியது: காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலில், முடிந்தால் கூரைக்கு அடியில். சங்கிலிக்குப் பதில் நாய் தானே நிழல் தேடிப் போகும்படியான அடைப்பு. மனிதர்களின் சன்ஸ்கிரீனைத் தடவ வேண்டாம். பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கும், நக்கினால் நாய்க்கு விஷம். நாய்களுக்கென்றே வருவது கிடைத்தால் துத்தநாகம் இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கு மூக்கு பொதுவாகக் கருப்புதான்; அவற்றுக்கு வெயிலைவிட முள்தான் பிரச்சினை. காட்டில் முயல் விரட்ட விடுவதால் வரும் கீறல்களுக்கு நான் மருந்து சொல்லப் போவதில்லை. அது சட்டப்படி குற்றம், நிறுத்தினால் கீறலும் நிற்கும்.

*டிஸ்காய்டு லூபஸ்.* பெயர் பயமுறுத்தினாலும் சமாளிக்கக்கூடிய நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூக்குத் தோலைத் தாக்குகிறது. வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: கருப்பு நிறம் சாம்பலாகிச் சிவக்கும், மேடுகள் மறையும், அப்புறம்தான் பொருக்கும் புண்ணும். வெயிலில் கூடும். ஜெர்மன் ஷெப்பர்டு, கோலி, ஹஸ்கி இனங்களில் அதிகம். (ஹஸ்கியை மதுரை வெயிலில் வளர்ப்பது பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தை இங்கே சொன்னால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.) பாக்டீரியாவால் வரும் ஒரு புண்ணும் அச்சு அசலாக இதே போல இருக்கும் என்பதால், மருத்துவர் முதலில் மூன்று நான்கு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம், "ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியல" என்று எண்ணி வேறு இடம் மாறாதீர்கள். அது சரியான வழிதான். அதிலும் அடங்காவிட்டால் சதைத் துணுக்குப் பரிசோதனை. அதற்கு முன் வீட்டில் ஸ்டீராய்டு தடவியிருந்தால் முடிவே குழம்பிவிடும். உறுதியானால் டாக்ரோலிமஸ் களிம்பு, டாக்ஸிசைக்ளினோடு நியாசினமைடு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு என்று போகும். டாக்ரோலிமஸைக் கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும். வெயில் கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க.

மூக்குத்தண்டு, காது, பாதத்து மெத்தை எல்லாவற்றிலும் சீழ்க்கொப்புளமும் மஞ்சள் பொருக்கும் இருந்தால் அது பெம்ஃபிகஸ் என்ற வேறொரு நோயாக இருக்கலாம்; அதற்கும் அதே பரிசோதனைதான்.

*வறட்சி, தடிப்பு.* வயதான நாய்களுக்கு மூக்கு நுனி தடித்து, காய்ந்து, வெடிக்கும். லாப்ரடார்களில் ஒரு பரம்பரைக் கோளாறால் ஒரு வயதுக்குள்ளேயே இது தொடங்கும். வெந்நீரில் பிழிந்த துணியை ஐந்து பத்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, உடனே ஜெல்லி தடவுங்கள். தினமும். குணமாகாது, ஆனால் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தடுப்பூசி போடாத குட்டிக்கு மூக்கும் பாதமும் தடித்து, கண்ணிலும் மூக்கிலும் மஞ்சள் பீளை, இருமல், பேதி என்று சேர்ந்து வந்தால் அது டிஸ்டெம்பர் என்ற தொற்றும் வைரஸ் நோய். மற்ற நாய்களிடமிருந்து பிரித்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

*சொறியும் படர்தாமரையும்.* குட்டியின் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டி, அரிப்பு அதிகம் இல்லாமல் இருந்தால் டெமோடெக்ஸ் சொறி, மனிதருக்கு ஒட்டாது. காது ஓரம், முழங்கை எல்லாம் சேர்ந்து தாங்க முடியாத அரிப்பு என்றால் இன்னொரு வகை. அது உங்களுக்கும் அரிக்கும். மண் தோண்டும் நாயின் மூக்குத்தண்டில் திடீரென்று எழும் வீங்கிய சிவப்புப் புண் மண்ணிலுள்ள படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். பிள்ளைகளை நாயோடு கொஞ்ச விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல் வேலை தோலைச் சுரண்டியும் முடி எடுத்தும் நுண்ணோக்கியில் பார்ப்பது. ஸ்டீராய்டு டியூப் மிக மோசமாகக் காலை வாரும் இடமும் இதுதான்.

*ஒரே நாளில் வந்த வீக்கம்.* காலையில் நன்றாக இருந்த இளம் நாய்க்கு மாலைக்குள் மூக்குத்தண்டு வீங்கி, ரத்தக் கசிவோடு பொருக்குத் தட்டினால், பாம்பு இல்லை என்று உறுதியான பிறகு, குளவி போன்ற பூச்சிக்கடியால் வரும் கடும் ஒவ்வாமையை நினைக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் வேகமாக அடங்கும். ஸ்டீராய்டு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

*புழு.* சின்னப் புண்ணிலும் ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது கூடும். புழுக்கொல்லி ஸ்ப்ரே உடம்புப் புண்ணுக்குச் சரி. மூக்குத் துளைக்குள்ளோ கண்ணருகிலோ அடிக்கக் கூடாது. மருத்துவர் மயக்கம் கொடுத்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார், தேவைப்பட்டால் மறுநாளும் வரச் சொல்வார், போக வேண்டும். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியை ஒரு குத்துமதிப்பில் நாய்க்குப் போடுவது கிராமங்களில் சகஜம். கோலி வகை நாய்களுக்கு அது உயிரையே எடுக்கும். மற்ற நாய்களுக்கும் அளவு தவறினால் நரம்பைத் தாக்கும்.

*தெருநாயும் டி.வி.டி. கட்டியும்.* தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். டி.வி.டி. (TVT) என்பது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு புற்றுக்கட்டி. இணை சேரும்போதும், முகர்ந்து நக்கும்போதும் கட்டியின் உயிருள்ள செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்கின்றன. மூக்கில் வந்தால் ஒரு துளையில் விடாமல் ரத்தம், தும்மல், மூக்குத்தண்டில் புடைப்பு, முற்றினால் ஓட்டை. "கேன்சர், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று கைவிட்டுவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று வீதம், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் கரைந்துவிடும் கட்டி இது. மனிதருக்கு ஒட்டாது. சிரமம் எல்லாம் அதே நாயை ஒவ்வொரு வாரமும் பிடித்துக் கொண்டுவருவதில்தான். கரைந்த மாதிரித் தெரிந்ததும் பாதியில் விடக் கூடாது. கையோடு கருத்தடையும் செய்துவிட்டால் அந்தத் தெருவில் பரவுவதும் குறையும்.

நாய்ச் சண்டையில் மூக்கில் கடிபட்டிருந்தால் புண் சின்னது என்று விடாமல் சோப்பால் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கூட்டிப் போங்கள். தடுப்பூசியே போடாத நாய் என்றால் 0, 3, 7, 14, 28 என்ற நாள்கணக்கில் போடுவது வழக்கம்.

படி 6: மருத்துவரிடம்

சாதாரணச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் தெளிவாக ஆறத் தொடங்க வேண்டும். போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்து மாற்றம் இல்லையென்றால் அதற்கு மேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மதுரையில் தல்லாகுளத்தில் அரசு பன்முக கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம்; தோல் சுரண்டல், ரத்தம் எடுப்பது வரை அங்கே கேட்டுப் பாருங்கள். சதைத் துணுக்குப் பரிசோதனை, மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது என்று போகும்போது கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தரச் சொல்லலாம். தேனி வீரபாண்டியிலும் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் கல்லூரிகள் உண்டு. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருந்தாலும் அது ஆடு மாடுகளை மனதில் வைத்து ஏற்படுத்தியது. நாய்க்கு ஆட்டோ பிடிப்பதே வேகம்.

கிளம்புகிற அன்று காலை எதுவும் தடவாதீர்கள், கழுவாதீர்கள். பொருக்கு அப்படியே இருந்தால்தான் அதிலிருந்து மாதிரி எடுக்க முடியும். இதுவரை தடவிய டியூப் எதுவாக இருந்தாலும் அதைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஸ்டீராய்டாக இருந்தாலும் சரி. மறைத்தால் நஷ்டம் நாய்க்குத்தான். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் காலையில் சாப்பாடு போடலாமா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: ஆறும் காலத்தில்

பழைய, வெடித்த பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வருக்கு மாறுங்கள். கீறல்களில் கிருமி தங்கும், தினமும் மூக்கு உரசுவதும் அங்கேதான். சோறு சூடாக இருக்கக் கூடாது. மண் தோண்டும் நாயைச் சில நாள் சிமென்ட் தரையில் வையுங்கள். ஈ மொய்க்கும் இடத்தில் கட்டாதீர்கள். உண்ணி மருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். இப்போது வரும் மெல்லும் மாத்திரைகளில் சில உண்ணியோடு சொறிப் பூச்சியையும் சேர்த்தே ஒழிக்கும்.

ஆறிய இடம் முதலில் சிவப்பாகத்தான் இருக்கும். கருப்பு திரும்ப வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும். ஆழமான புண்ணாக இருந்திருந்தால் வராமலே போகலாம். அந்த வெளுத்த இடம் இனி வெயிலுக்குச் சிவந்த மூக்குதான், எந்த இன நாயாக இருந்தாலும். 10 முதல் 4 மணிக் கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும்.